புயலுக்கு யார் வேஷம் கட்டுவது?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் போகப் போகப் பழகிவிடும் விஷயங்கள் மூன்று: கடுகெண்ணெய் வாசனை, துர்கா பூஜை நெரிசல், மே மாதப் புயல். 2009-ல் ஐலா, 2020-ல் ஆம்பன், 2021-ல் யாஸ். மூன்றுமே மே மாதத்தின் பிற்பாதியில் வந்தவை. ஆம்பன், யாஸ் சமயத்தில் டிவியைப் போட்டால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த பெயர் 'நபான்ன'. 2013-ல் மாநிலத் தலைமைச் செயலகம் இடம்பெயர்ந்து வந்த ஹவுராக் கட்டிடம் அது. அப்போது புயல் கட்டுப்பாட்டு அறையும் அங்கேதான் இருந்தது.

நபான்ன என்றால் புது அரிசி. அறுவடை முடிந்ததும் கொண்டாடும் விழா, நம்ம பொங்கலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் 1944-ல் ஒரு நாடகம் வந்தது. அதிலும் ஒரு புயல் உண்டு.

புயலையும் வெள்ளத்தையும் வங்காளத்து மேடை எண்பது வருஷமாக எப்படிப் பேசி வந்திருக்கிறது என்று கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். நான் நாடகக்காரன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து பேரேடு பார்ப்பவன். ஆனால் இந்தச் சரித்திரத்தில் வங்கிக்காரனுக்கும் ஒரு வேஷம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1944: பட்டணத்து மேடையில் கிராமம்

1942 அக்டோபர் 16 அன்று மேதினிப்பூர் கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. கடல் உள்ளே புகுந்து பல்லாயிரம் பேர் செத்தார்கள். மாடு, நெல், விதை எல்லாம் போயிற்று. யுத்த காலம். வெள்ளையனே வெளியேறு போராட்டமும் அந்த மாவட்டத்தில் உச்சத்தில் இருந்தது. அடுத்த வருஷம், 1943-ல், வங்காளப் பஞ்சம். கஞ்சி கேட்டுக் கல்கத்தா தெருக்களுக்கு வந்த குடும்பங்கள் நடைபாதையிலேயே மடிந்தன.

இந்தக் கதையை நாடகமாக எழுதியவர் பிஜன் பட்டாச்சார்யா. இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றம் 1944 அக்டோபரில் மேடையேற்றியது. சம்பு மித்ராவும் பிஜனும் சேர்ந்து இயக்கினார்கள். அரங்கேறிய தியேட்டரின் பெயர் 'ஸ்ரீரங்கம்'! (காவிரிக்கரைக்காரர்கள் அவசரப்பட்டுப் பெருமைப்பட வேண்டாம், இது வடகல்கத்தா.) பிரதான் சமாத்தார் என்ற கிழ விவசாயியின் குடும்பம் புயலில் அடிபட்டு, பட்டினியில் பட்டணம் வந்து சிதறி, மிஞ்சியவர்கள் ஊர் திரும்புவதுதான் கதை. 1946-ல் கே.ஏ. அப்பாஸ் எடுத்த 'தர்த்தி கே லால்' இந்திப் படத்துக்கும் இந்த நாடகம் ஓர் அடிப்படை.

நாடகத்தில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. புயல் இயற்கை, பஞ்சம் இயற்கை இல்லை. இருந்த அரிசியைப் பதுக்கியது மனுஷன். அதைச் சொன்னதால்தான் நாடகம் நின்றது. ஆனால் நடித்தவர்களில் பெரும்பாலோர் பட்டணத்துப் படிப்பாளிகள், பார்த்தவர்களும் பட்டணத்துக்காரர்கள். உண்மையான சமாத்தார் தியேட்டருக்கு வெளியே நடைபாதையில் இருந்திருப்பார்.

1976: கிராமத்துக்குப் போன பட்டணம்

இந்த இடைவெளி உறுத்திய ஒருவர் பாதல் சர்க்கார். தொழிலால் நகரமைப்புப் பொறியாளர். 'ஏவம் இந்திரஜித்' எழுதிப் புகழ் பெற்றவர். 1967-ல் 'சதாப்தி' குழுவைத் தொடங்கினார். 70-களில் மேடை, திரை, விளக்கு, டிக்கெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூடத்திலும் மைதானத்திலும் ஜனங்களுக்கு நடுவே நாடகம் போட ஆரம்பித்தார். மூன்றாம் அரங்கு என்று அதற்குப் பெயர்.

தமிழ் நாடகத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1980-ல் சென்னை பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை, நம் வீதி நாடகக்காரர்கள் பலருக்குத் திருப்புமுனை. பரீக்ஷா ஞாநி அவர் நாடகங்களைத் தமிழில் போட்டார்.

பாதல் சர்க்காரின் 'போமா' 1976-ல் வந்தது. சுந்தரவனத்தில் கோசாபா பக்கம் ரங்காபேலியா என்றொரு ஊர். அங்கே தலைமையாசிரியராக இருந்த துஷார் காஞ்சிலாலிடமிருந்தும் அந்த ஊர் ஜனங்களிடமிருந்தும் கேட்டறிந்த வாழ்க்கைதான் நாடகத்துக்குக் கரு. காட்டை வெட்டி வயலாக்கி, அந்த வயலிலேயே பட்டினி கிடக்கும் குடியானவன்தான் போமா.

சுந்தரவனத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியப் பக்கம் 102 தீவுகள், அதில் 54-ல் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சுமார் 45 லட்சம் பேர். கம்பெனி காலத்திலிருந்து காட்டை அழித்து, வரி வசூலுக்காகக் குடியேற்றிய பூமி. ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து நிலம் உயர்வதற்கு முன்பே மண்கரை எழுப்பி, தண்ணீரைத் தடுத்துக் குடியேறிவிட்டார்கள். அதனால் பல தீவுகளில் வயலும் வீடும் உயர் அலை மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கரை நின்றால் ஊர் நிற்கும். மொத்தக் கரை நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர், பெரும்பாலும் மண். இப்போது கடல் மட்டம் உயர்கிறது, நிலம் மெல்லத் தாழ்கிறது, வங்கக் கடல் சூடாகிப் புயல்கள் வேகம் பிடிக்கின்றன. பருவநிலை மாற்றம் இங்கே வாசல்படிச் சமாசாரம்.

போமாவில் பட்டணம் கிராமத்துக்குப் போனது. ஆனால் அப்போதும் பேசியவர்கள் நடிகர்கள், கேட்டவர்கள் ஊர்க்காரர்கள்.

பிரேசிலில் ஒரு விவசாயி, பெருவில் ஒரு பெண்மணி

இந்த இடத்தில் கொஞ்சம் தென் அமெரிக்கா போய்வர வேண்டும். ஏனென்றால் சுந்தரவனக் கிராமங்களுக்கு அடுத்து வந்து சேர்ந்த நாடக முறை அங்கே பிறந்தது.

அகஸ்தோ போவால், 1931-ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். படித்தது ரசாயனப் பொறியியல், ஆசை நாடகம். 60-களின் தொடக்கத்தில் பிரேசிலின் வடகிழக்கு மூலையில் ஏழை விவசாயிகளுக்கு நாடகம் போட்டார். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று நடிகர்கள் துப்பாக்கியைத் தூக்கிப் பாடி முடித்தார்கள். வீர்ஜீலியோ என்ற விவசாயி ஓடி வந்தார். ரொம்ப சந்தோஷம், துப்பாக்கியோடு வாருங்கள், எங்கள் நிலத்தைப் பிடுங்கியவனை விரட்டப் போகலாம் என்றார். இவர்கள் விழித்தார்கள். துப்பாக்கி அட்டையில் செய்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. துப்பாக்கி பொய், நாங்கள் நிஜம் என்று சமாளித்தார்கள். எங்களிடம் நிஜத் துப்பாக்கியே இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்றார் அவர். இவர்களால் அதுவும் முடியவில்லை. அப்படியானால் நீங்கள் சொன்ன ரத்தம் எங்களுடையதுதானா என்ற அர்த்தத்தில் அவர் கேட்ட கேள்வி போவாலைக் கடைசிவரை விடவில்லை. தான் ஏற்கத் தயாராக இல்லாத ஆபத்தை அடுத்தவனுக்கு யோசனையாகச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்.

ராணுவ ஆட்சி அவரை 1971-ல் பிடித்துச் சித்திரவதை செய்தது. வெளியே வந்து நாடு கடந்தார். 1973-ல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை. அங்கே ஒரு நாடகம்: எழுதப் படிக்கத் தெரியாத மனைவியிடம் கணவன் சில காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறான், அவை வேறொருத்தி எழுதிய காதல் கடிதங்கள். விஷயம் தெரிந்ததும் மனைவி என்ன செய்யலாம்? பார்ப்பவர்கள் யோசனை சொல்ல, நடிகை நடித்துக் காட்டினாள். ஒரு வாட்டசாட்டமான பெண்மணிக்கு மட்டும் திருப்தியே இல்லை. 'தெளிவாகப் பேச வேண்டும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார், நடிகை என்ன செய்தாலும் 'இது இல்லை' என்றார். போவால் பொறுமையிழந்து, நீங்களே வந்து செய்யுங்கள் என்றார். அம்மா மேடையேறினார், துடைப்பத்தை எடுத்தார். அவர் சொன்ன 'தெளிவான பேச்சு' அதுதான் :-)

பார்வையாளரே பாத்திரமாகும் விவாத அரங்கு, அதாவது ஃபோரம் தியேட்டர், அங்கே பிறந்தது. முறை சுலபம். நாடகத்தை ஒரு தோல்வியில் முடிப்பார்கள். பிறகு மறுபடி ஓட்டுவார்கள். பார்ப்பவர்கள் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி, அவதிப்படும் பாத்திரத்தின் இடத்துக்கு வந்து வேறு மாதிரி நடித்துப் பார்க்கலாம். எதிராளி பாத்திரத்தை மாற்ற முடியாது. 'அவன் திடீரென்று நல்லவனாகிவிட்டான்' என்பது மாயாஜாலம், செல்லாது. நடுவில் நின்று இதை நடத்துபவருக்கு 'ஜோக்கர்' என்று பெயர். நம்ம தெருக்கூத்துக் கட்டியங்காரனின் வேலையில் பாதியும், கிராமசபைத் தலைவர் வேலையில் பாதியும் சேர்ந்தது.

1985-க்குப் பிறகு

மேற்கு வங்கத்தில் சஞ்சய் கங்குலி என்பவர் கட்சி அரசியலிலிருந்து விலகி, தெற்கு 24 பர்கனாவின் சுந்தரவனப் பக்கக் கிராமங்களில் போய் இருந்தார். அங்கே 1985-ல் 'ஜன சன்ஸ்கிருதி' குழு உருவானது. நடிகர்கள் விவசாயக் கூலிகள், வீட்டுப் பெண்கள். 90-களின் தொடக்கத்தில் போவாலின் முறை அவர்களுக்குப் பழக்கமாயிற்று. வரதட்சணை, சாராயம், பஞ்சாயத்து ஊழல் என்று உள்ளூர் விவகாரங்களை எடுத்துக்கொண்டார்கள். இவர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று: ஒரே நாடகத்தை ஒரே கிராமத்தில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். முதல் தடவை ஜனங்கள் கோபத்தில் பேசுவார்கள், அடுத்தடுத்த தடவை யோசித்துப் பேசுவார்கள் என்பது அவர்கள் அனுபவம். 2006-ல் இந்திய அளவில் இத்தகைய குழுக்களின் கூட்டமைப்பு தொடங்கியபோது போவாலே கொல்கத்தா வந்தார்.

போவால் 2009 மே 2 அன்று காலமானார். சரியாக 23 நாள் கழித்து ஐலா வந்தது.

ஐலாவில் சுமார் 778 கிலோமீட்டர் கரை சேதமானது. வயலில் உப்புத் தண்ணீர் நின்றது, பல இடங்களில் இரண்டு மூன்று வருஷம் நெல் விளையவில்லை. குளத்து நன்னீர் மீன் செத்தது. 'நோனா போக்ரா' போன்ற உப்பைத் தாங்கும் பழைய நெல் ரகங்களை மறுபடி தேடினார்கள். ஆண்கள் கேரளா, தமிழ்நாடு, அந்தமான் என்று வேலைக்குக் கிளம்பினார்கள். சென்னை, திருப்பூர் பக்கம் வங்காளிப் பேச்சு அதிகம் கேட்க ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம். உடைந்த கரையைப் பலமாகக் கட்ட 5,032 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. அகலமான கரைக்கு நிலம் வேண்டும். நிலம் எடுப்பதில் சிக்கி, அதில் சிறு பகுதிதான் முடிந்தது. ஆம்பனுக்குப் பிறகு வீடு இழந்தவர்களுக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பட்டியலில் தகுதியில்லாதவர்கள் புகுந்தார்கள் என்று புகார் கிளம்பி, 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தணிக்கைக்கு உத்தரவிட்டது.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. காற்று எவ்வளவு வேகத்தில் அடித்தது என்பது ஒரு வரி. மிச்சம் எல்லாம் யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்ற கணக்கு. விவாத அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடையாது.

மாலதியும் மேனேஜரும்

ஆம்பனுக்கு அப்புறம் வந்த ஒரு குளிர்காலத்தில், சக அலுவலர் ஒருவரின் ஊருக்குப் போயிருந்தேன். சியால்தாவில் கானிங் லோக்கல், அங்கிருந்து வண்டியில் கோத்காலி படித்துறை, பிறகு படகு. சாயங்காலம் பள்ளி மைதானத்தில் உள்ளூர்க் குழு ஒன்றின் நாடகம். இருபது நிமிஷம்தான்.

மாலதியின் புருஷன் திருப்பூரில் இருக்கிறான். (அந்தப் பெயர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) கரை உடைந்து வயலில் உப்பு. பஞ்சாயத்து மெம்பர் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்கிறார். காண்டிராக்டர் மழைக்கு முதல் நாள் ஈர மண்ணை அப்பிவிட்டுப் போகிறார். மகாஜன் வட்டி சொல்கிறார். வங்கி மேனேஜர், 'நிலம் மாமனார் பேரில், பழைய பாக்கி வேறு, அடுத்தவர் வாங்க' என்கிறார். கடைசியில் மாலதி புடவையை மடித்து மூட்டை கட்டி, விடியற்காலை ரயிலுக்குக் கிளம்புகிறாள், பட்டணத்தில் வீட்டு வேலைக்கு. அந்த ரயிலில் வந்திறங்குபவர்கள் யார் என்று கொல்கத்தாவில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் கதவைத் தட்டும் மாஷிதான்.

மறுபடி ஓட்டினார்கள். ஒரு இளைஞன் பாய்ந்து வந்து காண்டிராக்டர் சட்டையைப் பிடித்தான். கைதட்டல். "சரி தம்பி, நாளைக்குப் போலீஸ் வரும், அப்புறம்?" என்றார் ஜோக்கர். தம்பி இறங்கிவிட்டான். ஒரு சிறுவன், புயலே வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே என்றான். "புயலுக்கு யாரும் வேஷம் கட்டவில்லையே, யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்றதும் மைதானமே சிரித்தது.

பிறகு ஒரு அம்மாள் எழுந்தார். மாலதியாக வங்கிக் காட்சிக்கு வந்தவர், தனியாக வரவில்லை. கூட்டத்திலிருந்து ஆறு பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மேனேஜர் விடவில்லை, எத்தனை பேர் வந்தாலும் நிலப் பத்திரம் வேண்டும் என்றார். அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "சரி பாபு. முடியாது என்பதையும், ஏன் முடியாது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." நடிகர் தடுமாறிவிட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தடுமாற்றம் நடிப்பு இல்லை. இயற்கைச் சீற்றத்துக்குப் பிறகு பயிர்க்கடனைத் தள்ளிவைத்து மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் இருக்கின்றன. மாநில வங்கியாளர் குழு கூடும், சுற்றறிக்கை வரும், கெடு நீளும். ஆனால் அந்தச் சலுகை ஏற்கெனவே பேரேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான். மாமனார் பெயரில் நிலம், புருஷன் வெளியூரில், உழுவது மாலதி என்றால் அவள் எங்கள் கணக்கிலேயே இல்லை. நிலப் பத்திரம் இல்லாத சாகுபடியாளர்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்க வழி உண்டு. சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டம் 1992-லேயே நபார்டு தொடங்கியது. வழி இருக்கிறது என்று கவுன்ட்டரில் யாராவது சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாராவது கேட்க வேண்டும். அந்த அம்மாள் கேட்பதற்கு ஒத்திகை பார்த்தார்.

கடைசியாக ஒரு பெரியவர். நடிக்க வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே பேசினார். எதற்கு இந்த நிலத்துக்குக் கடன், கடல் எடுத்துக்கொள்ளப் போகிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்றார். எங்கே என்றார் ஜோக்கர். பதில் இல்லை. ஒரு பெண் மட்டும், "கிளம்புவதற்கும் ஒரு பட்டியல் போடுவார்களே, அதை யார் எழுதுவார்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் நாடகம் ஓடவில்லை.

நாடகத்தால் ஆகாதது

கூத்துப் போட்டுக் கடலைத் தடுக்க முடியாது. உலகத்தின் புகையில் இந்தத் தீவுக்காரர்களின் பங்கு மிகச் சொற்பம். புகை விட்டவர்கள் அந்த மைதானத்துக்கு வரப்போவதில்லை, அவர்கள் இடத்தில் ஏறி நின்று நடிக்கவும் முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. 'மரம் நடுங்கள், மேடான இடத்துக்குப் போங்கள்' என்று முன்கூட்டியே முடிவு செய்த வாசகத்தைச் சொல்லவைக்க இதே முறையைப் பயன்படுத்தினால், அது அட்டைத் துப்பாக்கி நாடகம்தான். உப்பு வயலில் நீயே சமாளித்துக்கொள் என்று ஏசி அறையிலிருந்து சொல்வது சுலபம். வீர்ஜீலியோவின் கேள்வி அங்கேயும் பொருந்தும்.

நபான்ன காலத்தில் சமாத்தாருக்காகப் பட்டணம் அழுதது. போமா காலத்தில் பட்டணம் அவன் ஊருக்கே போனது. இப்போது மாலதி தன் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டு, மேனேஜரிடம் என்ன கேட்பது என்று நாலு பேர் முன்னால் பழகிப் பார்க்கிறாள்.

அதே நாடகத்தை அந்த ஊரில் அடுத்த மாதமும் போட்டார்கள் என்று சக அலுவலர் சொன்னார். அந்தத் தடவை பெண்கள் வெறுங்கையோடு வரவில்லையாம். பட்டியல் நகலும், நில வரி ரசீதும், நிஜமாகவே எழுதிய ஒரு மனுவும் எடுத்து வந்து, நாடகத்து மேனேஜரிடம் கொடுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்களாம். மனுவில் 11 பேர் கையெழுத்து, அதில் இரண்டு கைநாட்டு.

கொல்கத்தா, டெல்லி, மும்பை என்று எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர் சுந்தரவனப் பக்கத்துக்காரர் என்றால், அடுத்த புயல் செய்தி வரும்போது ஊரில் கரை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டிவியில் சொல்லாத கணக்கெல்லாம் அவர்களிடம் இருக்கும்.